யாரை நினைத்து ஆடினாய்?

அன்புள்ள தம்பிக்கு,

கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று புலம்புகிறாய். கும்பகோணத்தில் சிவராத்திரி நாட்டியாஞ்சலியில் உனக்கு நிச்சயித்த பெண் ஒரு பதம் ஆடினாள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாய். சபை முழுக்கக் கைதட்டியது. அவளை வீட்டில் கொண்டுவிடப் போகும்போது, நீ என்ன சொல்லப்போகிறாயோ என்று அவள் ஆசையாகக் காத்திருந்திருப்பாள். நீ கேட்டது: “யாரை நெனச்சுக்கிட்டு ஆடினே?” அன்றிலிருந்து அவள் உன் போனை எடுப்பதில்லை. ‘சாதாரணமாத்தான் கேட்டேன்’ என்று எனக்கு எழுதியிருக்கிறாய். சாதாரணமாகக் கேட்கிறவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்க மாட்டான், தம்பி.

உன் பெயரும் அவள் பெயரும் இதில் இல்லை. ஆனாலும் உனக்கு மட்டும் தபாலில் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மேளக்காரப் பிள்ளைகளும் நட்டுவாங்கம் படிக்கிறவர்களும் வாய்ப்பாட்டுப் பெண்களும் என்னிடம் வந்து இதே கதையை வேறு வேறு மெட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் மேடையில் சிரிக்காதே என்று சொன்ன மாப்பிள்ளை உண்டு. மிருதங்கக்காரர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் கச்சேரிக்கு அனுப்புகிற கணவர் உண்டு. கணவனின் செட்டோடு யார் யார் வேனில் போனார்கள் என்று ஓட்டுநரிடம் விசாரிக்கிற மனைவியும் உண்டு.

முதலில் உன் கையைப் பற்றிப் பேச வேண்டும்.

மேடையில் உட்கார்ந்ததும் சீவாளியை வாயில் வைத்து நனைக்கிறாய். கெண்டையில் சொருகி ஊதிப் பார்க்கிறாய். கழற்றுகிறாய். விரலால் அதன் வாயை அமுக்கிவிட்டு மறுபடி சொருகுகிறாய். திருப்தி இல்லை. ஊசியை விட்டு விரிக்கிறாய். பிறகு நாதஸ்வரத்தில் தொங்குகிற கொத்திலிருந்து வேறொன்றை எடுத்து அதற்கும் இதே சடங்கு. பக்கத்தில் தவில்காரர் தொப்பியைத் தட்டிவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் தப்பில்லை என்று நீ சொல்வாய். ஓரளவுக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். கொருக்கைத் தட்டையில் செய்த பொருள் அது. மார்கழிப் பனியில் ஒரு மாதிரி பேசும், சித்திரை வெயிலில் வேறு மாதிரி பேசும். மல்லாரியின் நடுவில் அது சதி செய்துவிட்டால் ஊர் முழுக்க உன்னைத்தான் பார்க்கும். வித்வானுக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல சீவாளி எத்தனை, அமுக்கி அமுக்கிப் பார்த்தே வாய் பிளந்து போயிருக்கின்றன என்று உன் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்.

அதே கைதான் கச்சேரி முடிந்ததும் போனுக்குப் போகிறது. சாமி இருப்புக்கு வந்து தீபாராதனை ஆகியிருக்காது, நீ கோபுரத்தடியில் நின்று வாட்ஸ்ஆப்பைப் பார்க்கிறாய். பத்தேகாலுக்குத் தூக்கம் வருகிறது என்று சொன்னவள் பதினொன்று நாற்பது வரை ஆன்லைனில் இருந்திருக்கிறாள். உடனே உன் மனசு கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கிற எண்பத்தைந்து நிமிஷத்துக்கு ஆளைத் தேடுகிறது. தங்கைக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கை மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்ற பதில் மறுநாள் வருகிறது. உனக்கு அது போதவில்லை, தங்கையிடமும் கேட்டாய். அவள் தன் அக்காவிடம் சொல்லாமல் இருப்பாளா?

இன்னொரு பழக்கம் உனக்கு இருக்கிறது; நானே பார்த்திருக்கிறேன். ‘எம்மேல கோவமா?’ என்று கேட்பாய். இல்லை என்பாள். ஐந்து நிமிஷம் கழித்து, ‘நெசமாவே கோவம் இல்லையா?’ இல்லை. ‘அப்ப ஏன் ஒரு மாதிரி இருக்கே?’ ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிடும். ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ என்பாய். சந்தேகம் ஜெயித்துவிட்டது. இல்லாத கோபத்தை நீயே நட்டு, தண்ணீர் பாய்ச்சி, அறுவடையும் செய்துவிட்டாய்.

இது ஏன் நிற்பதில்லை என்றால், ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், கேட்கும்போதும், கொஞ்ச நேரத்துக்கு மனசு அடங்குகிறது. அடங்குகிற ருசி தெரிந்துவிட்டதால் அடுத்த பயம் சீக்கிரமே வருகிறது. 1987-இல் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றி ஜான் பௌல்பி சொன்னதை வளர்ந்தவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்த கட்டுரை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பதைப்புடனேயே அன்பு செலுத்துகிறவர்களை அவர்கள் தனி வகையாகக் காட்டினார்கள். அந்த வகைக்கு நம் ஊர் மேளக்கார வீடுகளில் பஞ்சமே இல்லை என்பேன். தை, மாசி, பங்குனி என்றால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். இன்றைக்கு வருகிறேன் என்பார், வேறொரு ஊரில் திருவிழா ஒப்புக்கொண்டு நாலு நாள் கழித்து வருவார். திண்ணையில் உட்கார்ந்து பஸ் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பையன் நீ. காரணம் புரிகிறது. ஆனால் அந்தத் திண்ணைக்கான வாடகையை அவள் ஏன் கட்ட வேண்டும்?

இனி புகார் நகரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பூம்புகாருக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருப்பாய். ஏழுநிலை மாடத்தோடு நிற்கிற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் சிற்பங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பாய். கண்ணகி சிலம்பை உடைத்தது நினைவிருக்கும். அதற்கு வெகுமுன்னால் வேறொன்று உடைந்தது, கானல்வரியில். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-இல் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில்தான் ஆசிரியராக இருந்தார். உன் வருங்கால மாமனார் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அவளாவது படித்திருப்பாள். நீயும் படி.

கோவலனும் மாதவியும் நேற்றுப் பார்த்து இன்று பிரிந்தவர்கள் இல்லை. ஐந்து வயதில் ஆடத் தொடங்கி ஏழு வருஷம் கற்றுச் சோழன் முன் அரங்கேறியவள் அவள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றவள். அவனும் இசை தெரிந்தவன். மணிமேகலை என்று தங்கள் குலதெய்வத்தின் பெயரை மகளுக்கு வைத்தவன். இந்திர விழாவை ஒட்டி வந்த பௌர்ணமிக்குக் கடலாடப் போனார்கள். அவள் வண்டியில், அவன் கோவேறு கழுதையில். கடற்கரையில் புன்னை நிழலில் திரை கட்டி உட்கார்ந்தார்கள். தோழி வசந்தமாலை யாழை எடுத்துக் கொடுத்தாள். மாதவி அதை வாங்கி நரம்பு நரம்பாகச் சோதித்தாள். சுருதி கூட்டுவதிலும் தடவிப் பார்ப்பதிலும் மட்டும் எட்டு வகைச் செய்கைகளை இளங்கோவடிகள் சொல்கிறார். குற்றமில்லை என்று தெரிந்த பிறகு அவன் கையில் கொடுத்தாள்.

அவன் காவிரியைப் பாடினான். சோழன் கங்கையையும் சேர்த்துக்கொண்டான், அப்படியும் நீ ஊடவில்லையே காவிரி என்கிற பொருளில் பாடினான். பிறகு நெய்தல் நிலத்துப் பாட்டுகள். அவற்றில் ஒரு பரதவர் பெண் வருவாள். அவளைப் பார்த்தவன் ஏங்குவான். பெயரோ ஊரோ இல்லாத பெண். காலங்காலமாக அந்தப் பாட்டு அப்படித்தான். கேட்டுக்கொண்டிருந்த மாதவிக்கு, இவன் மனசில் வேறொருத்தி இருக்கிறாள் என்று பட்டது. ‘யாரைப் பாடினீர்கள்?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தோஷமாக இருப்பவள் போல யாழை வாங்கி, தன் மனசிலும் ஒருவன் இருப்பது போலப் பாடினாள். பதிலுக்குப் பதில். அவனும் கேட்கவில்லை. நான் பாடினேன், இவள் வேறெவனையோ வைத்துப் பாடுகிறாள் என்று தனக்குள் தீர்ப்பு எழுதினான். அணைத்திருந்த கை நழுவியது. பொழுது போய்விட்டது, எழுந்திருப்போம் என்றான். அவள் எழவில்லை. அவன் ஏவலாளரோடு போய்விட்டான். அவள் தன் வண்டியில் தனியாக வீடு வந்து சேர்ந்தாள்.

இருவரும் கலைஞர்களாக இல்லாதிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது என்பது என் எண்ணம். சாதாரணக் காது பாட்டைப் பாட்டாகக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கும். இவர்களுடையது பழகிய காது. அரைக்கால் சுரம் நழுவினாலும் பிடிக்கிற காது. ஒரு சங்கதிக்குள் இன்னொரு குறிப்பைத் தேடுவதே அதற்கு வேலை. அந்தக் காதை வைத்துத்தான் நீ சோறு சாப்பிடுகிறாய். அதை வீட்டிலும் கழற்றி வைக்காமல் உட்கார்ந்தால், அவள் ‘ம்’ என்று சொன்னதில்கூட அபசுரம் கேட்கும்.

இளங்கோவடிகள் எல்லாம் ஊழ்வினை என்று சொல்லிவிட்டார். காப்பியம் எழுதுகிறவருக்கு அது வேண்டியிருந்தது. உனக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றையும் மறந்துவிடாதே: சந்தேகப்பட்டவன் யார்? மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன். ஒருத்தியை விட்டு வரத் தெரிந்தவனுக்கு, மற்றவர்களும் விட்டுப் போவார்கள் என்று நினைப்பதில் சிரமம் இராது. உன்னைச் சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் வருகிறபோது, நாம் எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறோமா என்று ஒரு தடவை உள்ளே பார்த்துக்கொள்வது நல்லது. பாதி சந்தேகங்களுக்கு முகவரி அங்கேதான் இருக்கும்.

பிரிந்தபிறகு மாதவி அவனுக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினாள். எனக்குக் காப்பியத்தில் மிகவும் பிடித்த இடம் இந்த இரண்டு கடிதங்களும்தான். முதல் கடிதம் தாழை மடலில், பிச்சி மொட்டை எழுத்தாணியாகப் பிடித்து, செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதியது. இளவேனில் ஒரு விவரம் அறியாத இளவரசன், நிலவோ நடுநிலை தவறியவன் என்று அத்தனையும் கவிதை. வசந்தமாலை கொண்டுபோய்க் கடைத்தெருவில் வைத்துக் கொடுத்தாள். கோவலன் வாங்கவில்லை. அவள் தன்னோடு சிரித்தது, ஊடியது, வாடியது, கெஞ்சியது ஒவ்வொன்றுக்கும் கண்கூடு வரி, காண்வரி, உள்வரி, புறவரி என்று எட்டு வரிக்கூத்தின் பெயரைச் சொல்லி, எல்லாமே நடிப்பு, ஆடுகிறவள்தானே, அவளுக்கு அது பொருந்தும் என்று திருப்பி அனுப்பினான். யோசித்துப் பார். அவள் எதைப் பன்னிரண்டு வயதுக்குள் உயிரைக் கொடுத்துக் கற்றாளோ, அவன் எதைப் பார்த்து மயங்கி வந்தானோ, அதுவே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து கொடுத்தான். மண் இலச்சினையில் அவள் கூந்தலை ஒற்றி அனுப்பியிருந்தாள். அந்த எண்ணெய் வாசனையிலேயே அவனுக்குப் பழைய நாள் எல்லாம் வந்துவிட்டது. பிரித்தால், உள்ளே வேனிலும் இல்லை, நிலவும் இல்லை. காலில் விழுந்தேன்; பெற்றவர்களுக்குச் செய்யும் பணியை விட்டு, குலமகளோடு இரவோடிரவாக ஊரை விட்டுப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் தவிக்கிறேன்; அதைத் தீர்த்துவையுங்கள். சாரம் இவ்வளவுதான். படித்ததும், அவள் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று அவனுக்குத் தெளிந்துவிட்டது. தெளிந்த வேகத்தில், இந்த வாசகம் அம்மா அப்பாவுக்கும் பொருத்தமாக இருக்கிறதே என்று அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டான். உரையாசிரியர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும். அலங்காரமாக எழுதியதை வாங்கவே மறுத்தவன், நேராகக் கேட்ட ஒரு கேள்விக்குக் கரைந்து போனான் என்றுதான் நான் படிக்கிறேன். அதற்குள் அவன் மதுரை வாசலுக்கு வந்திருந்தான் என்பது வேறு விஷயம்.

இப்போது உன் கேள்விக்குத் திரும்பி வா. நீ முகாரி வாசிக்கும்போது, ‘உங்க வீட்ல யாருக்கு என்னாச்சு?’ என்று யாராவது கேட்கிறார்களா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தபோது ஊர் ஊராக உருகினார்கள்; யாரை எண்ணி உருக்குகிறீர் என்று ஒருவரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. தஞ்சை அரண்மனைச் சங்கீதத்திலிருந்து வந்த குடும்பத்துப் பாலசரஸ்வதி ‘கிருஷ்ணா நீ பேகனே’க்கு அபிநயம் பிடித்தால் கண்ணன் எதிரே நிற்பான் என்பார்கள். எந்தக் கிருஷ்ணன், எந்தத் தெரு என்று யாரும் விசாரிக்கப் போகவில்லை. ஆண் வாசித்தால் ராகத்தைப் பார்க்கிறோம். பெண் ஆடினால் ஆளைத் தேடுகிறோம்.

இதற்கு நம் டெல்டாவில் ஒரு நீண்ட பழைய கணக்கு இருக்கிறது. கோவலன் சொன்ன ‘ஆடுகிறவள்தானே’ என்ற வார்த்தை அவனோடு முடியவில்லை. மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரிலிருந்து வந்த இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். 1936-இல் அவர் எழுதிய நாவலின் பெயரே ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அந்த முறைக்குள் சிக்கிய பெண்களை மீட்கத்தான் எழுதினார். என்றாலும் பெயரில் உள்ள அந்த ‘மோசவலை’, அன்றைய ஊர் ஆட்டக்காரியை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து அந்த முறை முடிந்தது. பார்வை முடியவில்லை. அவள் சலங்கை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து பெரியம்மா வாயில், பக்கத்து வீட்டு வாயில், பஸ்ஸில் என்று அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பாள். நீ ஒருவனாவது அதைச் சொல்ல மாட்டாய் என்று நம்பியிருப்பாள். உன் கேள்வியில் அவளுக்கு உன் குரல் மட்டும் கேட்டிருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகு கிளாஸ் மட்டும் எடுக்கட்டும், மேடை வேண்டாம் என்று உங்கள் வீட்டில் பேச்சு இருக்கிறதாமே? அதை நிச்சயத்துக்கு முன்னால் சொன்னார்களா, அப்புறம் சொன்னார்களா? அப்புறம் என்றால் அது வாக்குத் தவறுதல். ஷேக் மகபூப் சுபானியும் காலிஷாபி மகபூப்பும் கணவன் மனைவியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசித்து, 2020-இல் பத்மஸ்ரீயும் சேர்ந்தே வாங்கினார்கள். நம் வாத்தியத்திலேயே இது நடந்திருக்கிறது. உன் அம்மாவிடம் சொல்.

நீ எடுத்துக்காட்டாக எழுதியிருந்த கதை நாயகன், நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு வருகிறேன். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியது, 1968-இல் ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்காக நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். சிவாஜி மாதிரி நாதஸ்வரம் பிடிக்க நம் ஆட்களுக்கே வராது. ஆனால் அந்த ஆளின் முன்கோபத்தையும், அவன் காதலிக்கிற ஆட்டக்காரி மோகனாம்பாள் மேல் அவனுக்கு வருகிற சந்தேகத்தையும் நாம் ரசித்துப் பழகிவிட்டோம். சந்தேகப்படுகிறான் என்றால் அவ்வளவு பாசம் என்று தியேட்டரில் அர்த்தம். படத்தில் எழுதியவர் கையில் முடிவு இருக்கிறது, கெட்டிமேளம் கொட்டிச் சேர்த்துவைத்துவிடுவார். பிறகு சண்முகசுந்தரம் தினமும் ராத்திரி மோகனாவின் போனைப் பார்த்தாரா இல்லையா என்று மூன்றாம் வருஷத்துக் கதையை யாரும் எழுதவில்லை. கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்பதும் கோபக்காரர்கள் பரப்பிய பழமொழி என்றே எனக்குச் சந்தேகம்.

இதை அவளுக்கு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பயந்தவன் வேறு, ஆள நினைக்கிறவன் வேறு என்று சொல்லியிருப்பேன். பயந்தவன் கேட்டுவிட்டு வெட்கப்படுவான். ஆள நினைக்கிறவன் பாஸ்வேர்டு கேட்பான், சம்பளத்தைக் கேட்பான், தோழிகளைக் குறைப்பான், கை ஓங்குவான். அவனிடமிருந்து நகையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிடு என்று சொல்லியிருப்பேன். நீ இன்றைக்கு முதல் வகையில் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டும் அடுத்தடுத்த தெருக்கள்தான்.

சந்தேகம் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணால் கண்ட ஒரு விஷயம் இருந்தால், அதை மட்டும் எடுத்து முகத்துக்கு நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உன்னிடம் அப்படி என்ன இருக்கிறது? பதம் ஆடும்போது அவள் கண் புல்லாங்குழல்காரர் இருந்த பக்கம் போனது. வருகிறவனை எதிர்பார்த்து வாசலைப் பார்க்கிற இடம் அது. வாசல் எந்தப் பக்கம் என்று அவள் குரு தீர்மானித்திருப்பார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவில் பார்க்க வேண்டும் போல் கை துறுதுறுக்கும். பார்க்காமல் விட்டால் செத்துவிடுவோம் போல இருக்கும்; சாக மாட்டாய். கச்சேரிக்குப் போகும்போது போனைத் தாளம் போடுகிற பையனிடம் கொடுத்துவிடு, வீடு வந்தபிறகு வாங்கு. முதல் சில நாட்கள் தவிப்பு ஏறும். பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை நீ ஒரு தடவை பார்த்துவிட்டால், அடுத்த தடவைக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அவள் தங்கையிடமோ, பாட்டுக்காரப் பெண்ணிடமோ ஒரு வார்த்தை விசாரிக்காதே. ஏற்கெனவே விசாரித்தவற்றை நீயே அவளிடம் சொல்லிவிடு. அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் உன் வாயால் கேட்க வேண்டும்.

தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாசிப்பிலும் மனசு நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் ஆள் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போக வெட்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்று அரசாங்கமே நடத்துகிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தொண்டை கட்டினால் டாக்டரிடம் போகிறாய், இதற்கு மட்டும் திருநள்ளாறு போனால் போதும் என்று உன் மாமா சொல்வதைக் கேட்காதே. திருநள்ளாறும் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவளுக்கு எழுது. வாட்ஸ்ஆப்பில் வேண்டாம். அதில் அனுப்பிவிட்டு நீல டிக் வந்ததா என்று உட்கார்ந்துவிடுவாய். காகிதத்தில் எழுதி உறையில் போட்டு அனுப்பு. ராகம் தானம் பல்லவி எல்லாம் வேண்டாம். நீ ஆடினது நன்றாக இருந்தது என்று முதல் வரியில் சொல். அன்று சபையே உன்னைப் பார்த்தது, எனக்குப் பயம் வந்துவிட்டது, அந்தப் பயத்தை உன் மேல் கேள்வியாக வீசிவிட்டேன், தப்பு என்று எழுது. ‘ஆனா’ என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் எங்கேயும் வரக்கூடாது. ‘நீயும் அன்னிக்கு’ என்பதும் வரக்கூடாது. பதில் எப்போது வேண்டும் என்று எழுதாதே. எழுதி முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டாதே, அது அவளுக்கு.

பதில் வராமலும் போகலாம். அவள் யோசிக்க வேண்டும் என்று சொல்லலாம், வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். நான் அவள் அப்பாவாக இருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். அப்படி வந்தால் ஆவணி முகூர்த்தத்தைத் தள்ளிப்போடு. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்கள் வீட்டில் கிளப்புவார்கள்; அதற்காக அவளை அவசரப்படுத்த வேண்டாம். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ்தான் கவலை என்றால், அந்த மண்டபக்காரர் எனக்குப் பழக்கம். நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் வாத்தியார்